விசில் சத்தத்துக்குள் ஒரு ‘ஏட்டி’

ஜூலை 2

அஞ்சாவது நாளா விடாத மழை. மேகம் ஜன்னல் வழியா உள்ள வந்து, மேஜை மேல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போகுது. பேப்பரெல்லாம் நமுத்துப் போச்சு. வால்பாறைக்கு கவுன்சலர் வேலைக்கு வந்து ஏழு வருஷம் ஆச்சு, இன்னும் இந்த ஊர்ல ஒரு புடவை காயவைக்கத் தெரியல எனக்கு. இந்த ரூம்ல முந்தி தேயிலை சாம்பிள் அடுக்கி வச்சிருந்தாங்களாம். மழை நாள்ல சுவத்துல இருந்து டீத்தூள் வாசனை கிளம்பும். வர்றவங்கள்ல பாதிப் பேர் அந்த வாசனையிலயே கண் சொருகிடுறாங்க. பொய் சொல்லுவானேன், எனக்கும்தான்.

இன்னைக்குப் புதுசா ஒரு அம்மா. பேரு கோமதி, அறுபத்து மூணு வயசு, எஸ்டேட் ஸ்கூல்ல தையல் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. இங்கயே பிறந்து வளர்ந்திருந்தாலும் பேச்சுல அப்பா அம்மாவோட தென்காசி அப்படியே இருக்கு. தூக்கம் வரலையாம். என்னை டாக்டரம்மான்னாங்க. நான் டாக்டர் இல்ல, மாத்திரை எதுவும் தரமாட்டேன்னு விளக்கமா சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, “சரி டாக்டரம்மா”ன்னாங்க.

அரை மணி நேரம் தூக்கத்தைப் பத்தியே பேசினோம். எழுந்து போய், வாசல்ல குடையை விரிச்சதுக்கப்புறம்தான் விஷயம் வந்துச்சு. எப்பவும் அப்படித்தான், நாற்காலியில உக்காந்து சொல்றது ஒண்ணு, செருப்பு மாட்டும்போது சொல்றது ஒண்ணு.

கீழ் வீட்டுல இவங்க, மேல் வீட்டுல தங்கச்சி உலகம்மாள். ரெண்டு பேரும் தனி ஆளுங்க. பதினோரு வருஷமா பேச்சுவார்த்தை இல்ல. தங்கச்சிக்கு ஒரு காது இதுக்கு நடுவுல எப்பவோ போயிருச்சாம். இப்ப நல்லாருக்கிற காதுப் பக்கம் கட்டி. ஆகஸ்ட் இருபதாம் தேதி கோயமுத்தூர்ல ஆபரேஷன். கட்டியை எடுத்தா அந்தக் காதும் போயிரும், எடுக்கலேன்னா ஆளே போயிரும்னு டாக்டர் சொல்லிட்டாராம். இதெல்லாம் ரெண்டு வீட்டுலயும் வேலை செய்யற ரோஸ்லின் வந்து சொன்னது.

“அதுக்கப்புறம் என் சத்தம் அவளுக்குக் கேக்காது டாக்டரம்மா. அதுக்குள்ள ஒரு வார்த்தை பேசிரணும்.”

சொல்லிட்டு மேகத்துக்குள்ள இறங்கிப் போயிட்டாங்க. கொஞ்ச தூரத்துக்கு குடை மட்டும் தெரிஞ்சுது.

ஜூலை 4

கோமதியம்மாவுக்கு என் வழியைச் சொன்னேன். பெருசா எதுவும் செய்யக் கூடாது. தோத்தாலும் ஒண்ணும் குடிமுழுகிப் போகாத அளவுக்குச் சின்னதா ஒரு காரியம். அது நடந்தா அதைவிட ஒரு விரக்கடை பெருசா இன்னொண்ணு. இதைப் படி படியா ஒரு காகிதத்துல எழுதி வச்சுக்கணும். அவங்களுக்கு இது பிடிக்கல. நேரா மாடிக்குப் போய்க் கையப் பிடிச்சு அழுதிரலாம்னு நினைச்சிருக்காங்க. அப்ப ஏன் பதினோரு வருஷமா போகலன்னு கேட்டேன். நான் கொஞ்சம் வெடுக்குன்னுதான் கேட்டுட்டேன்.

முதல் படி: உலகம்மாள் துணி காயப்போட முற்றத்துக்கு வந்தா இவங்க சட்டுன்னு உள்ள போயிருவாங்களாம். இனிமே உள்ள போகக் கூடாது. பாக்க வேண்டாம், சிரிக்க வேண்டாம், சும்மா நின்னா போதும்.

மதுரையில இருந்து தாரணி போன் பண்ணினா. “சாப்பிட்டீங்களாம்மா? மழை எப்படி இருக்கு? உடம்பைப் பாத்துக்கங்க.” மூணே வாக்கியம், வச்சுட்டா. இருபத்திரெண்டு வயசுல என்ன மரியாதை என் பொண்ணுக்கு. எங்க தெருவுல எந்தப் பிள்ளையும் பெத்தவளை வாங்க போங்கன்னு பேசி நான் கேட்டதில்ல. பெருமையாத்தான் இருந்துச்சு.

ஜூலை 9

நின்னுட்டாங்களாம். தையல் டீச்சருக்கே உரிய கணக்கோட சொன்னாங்க: ரெண்டு புடவை, ஒரு பாவாடை, நாலு கிளிப்பு, அதுவரைக்கும் நின்னேன்னு. யாரும் யாரையும் பாக்கல.

சண்டை எதனாலன்னு கேட்டேன். தண்ணி மோட்டார் போடறதுல வந்த தகராறாம். பதினோரு வருஷம் ஓடற மோட்டார். சரின்னு எழுதிக்கிட்டேன்.

ஜூலை 15

மத்தியானம் ஆள் யாரும் வரல. நாற்காலியிலயே அசந்துட்டேன். கனவுல ஒரு நீளமான கொடிக்கயிறு மலைக்கு மலை போகுது, துணியெல்லாம் நனையாம மேகத்துக்குள்ள தொங்குது, யார் துணின்னு தெரியாம நான் ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்துக்கிட்டே போறேன். முழிச்சா எதிர்ல கோமதியம்மா உக்காந்திருக்காங்க. எப்ப வந்தீங்கன்னா, நீங்க நல்லாத் தூங்குனீங்க, எழுப்ப மனசு வரலைன்னாங்க. தூக்கம் வரலைன்னு என்கிட்ட வந்தவங்க. என் மானம் போச்சு.

ரெண்டாவது படி முடிஞ்சிருக்கு. மழை வந்தப்ப தன் துணியோட தங்கச்சி துணியையும் எடுத்து, மடிச்சு, மாடிப்படியில வச்சிருக்காங்க. “மேல் வீட்டுலயும் அதே சோப்புதான் போடுதா”ன்னு ரொம்ப நேரம் சொல்லிக்கிட்டிருந்தாங்க. யாரு மடிச்சதுன்னு உலகம்மாள் ரோஸ்லின்கிட்ட கேக்கவே இல்லையாம். ஆனா அந்த மடிப்பைக் கலைக்காம அப்படியே பீரோவுல வச்சாளாம்.

ஜூலை 18

மோட்டார் இல்ல.

உலகம்மாள் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்தப்ப இதே மாதிரி மழைக்காலம். ஒரு நாள் தள்ளித்தான் மலையிறக்கிக் கொண்டுபோயிருக்காங்க. ஆழியார் தாண்டறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. பதினாறாம் நாள் காரியத்துல, சொந்தம் பந்தமெல்லாம் பந்தியில உக்காந்திருக்கும்போது, கோமதியம்மா சொல்லியிருக்காங்க: இவ ஒரு நாள் முன்னாடி கொண்டு போயிருந்தா மனுஷன் பிழைச்சிருப்பாருன்னு. உலகம்மாள் கையில சாம்பார் வாளியோட அப்படியே நின்னாளாம். அன்னைக்கோட பேச்சு நின்னுபோச்சு.

ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு கேட்டேன். கோமதியம்மா ஜன்னலைப் பாத்தாங்க. ஜன்னல்ல வெள்ளையைத் தவிர ஒண்ணும் இல்ல. இன்னும் ஏதோ உள்ள இருக்கு. அவசரப்படுத்தல.

ஜூலை 22

முற்றத்துல நிக்கிறது பழகியாச்சு, படிக்கட்டுல எதிரெதிரா வந்தா ஒதுங்கி வழி விடறதும் ஆச்சு. இருபத்தொம்பது நாள்தான் இருக்கு. நேர்ல பேசறதுக்கு முன்னாடி ஒரு சீட்டு எழுதலாம்னு நான்தான் சொன்னேன். முகத்தைப் பாக்க வேண்டாம், பதிலுக்குக் காத்து நிக்க வேண்டாம், இதைவிடப் பத்திரமான படி ஏது? சீட்டோட அதிரசம் ஒரு டப்பாவுல.

பேனாவைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாங்களே தவிர எழுத வரல. நானே சொல்லச் சொல்ல எழுதினாங்க. “அன்புள்ள தங்கைக்கு, தங்களுக்கு ஆபரேஷன் என்று அறிந்தேன். தைரியமாக இருங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.” நடுவுல நிறுத்தி, ‘ங்க’ போடணுமா டாக்டரம்மான்னு ஒரு தடவை கேட்டாங்க. மரியாதையா எழுதினா சண்டைக்கு இடமே இருக்காதுன்னு சொன்னேன். பெரிய மேதாவி மாதிரி சொன்னேன்.

ஜூலை 24

டப்பா திரும்பி வந்துருச்சு. அதிரசம் ஒண்ணுகூட எடுக்கல. “யாரோ வெளியாளுக்கு எழுதின லெட்டர், விலாசம் மாறி இங்க வந்திருக்கு, கொண்டு போய்க் குடுத்துரு”ன்னு ரோஸ்லின்கிட்ட சொல்லி அனுப்பியிருக்கா உலகம்மாள். சொல்லிட்டு அடுப்படிக்குள்ள போய் அழுதாளாம்.

கோமதியம்மா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லல. டப்பாவை என் மேஜை மேல வச்சுட்டு, நீங்களாவது சாப்பிடுங்கன்னுட்டுப் போயிட்டாங்க.

ஜூலை 29

வரல.

ஜூலை 31

வரல. மேகம் மட்டும் வந்துச்சு.

ஆகஸ்ட் 3

வர்ற ஆளைத் தேடி நாம போகக் கூடாதுன்னு எங்க தொழில்ல ஒரு முறை உண்டு. போனேன். வழியெல்லாம் தேயிலைச் செடி தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி அசையாம நின்னுச்சு. எந்த வீடுன்னு தெரியாம ஒரே வேலியை ரெண்டு தடவை சுத்தி வந்தேன். முற்றத்துக் கொடியில ரெண்டு வீட்டுத் துணியும் நனைஞ்சுக்கிட்டிருந்துச்சு. யாரும் எடுக்கல.

தப்பு என்னுதுன்னு மன்னிப்புக் கேட்டேன். என்ன தப்புன்னு எனக்கு முழுசா விளங்கலைங்கிறதையும் சொன்னேன். கோமதியம்மா சிரிச்சாங்க. பேச்சு நிக்கிறதுக்கு முன்னாடி தங்கச்சியை என்னன்னு கூப்பிடுவாங்களாம்? ‘ஏட்டி’ன்னு, தென்காசிப் பக்கத்து ‘அடியே’. பிறந்ததுல இருந்து அதுதானாம் பேரு. உலகம்மாள்ங்கிறது ரேஷன் கார்டுல இருக்கிறது.

“பதினோரு வருஷமா அவட்ட பேசல, சரி. ஆனா மனசுக்குள்ள அவளத் திட்டும்போதுகூட ஒரு நாளும் ‘நீங்க’ன்னு திட்டுனதில்ல டாக்டரம்மா. அந்தச் சீட்டப் பாத்ததும், உண்மையிலயே முடிஞ்சு போச்சு போலன்னு அவ நினைச்சிருப்பா.”

காப்பி குடிச்சிட்டு வந்துட்டேன்.

ஆகஸ்ட் 4

தாரணி எப்ப இருந்து ‘ங்க’ போட ஆரம்பிச்சான்னு யோசிச்சேன். அவளை அவங்க அப்பாகிட்ட விட்டுட்டு நான் இங்க வரும்போது பத்தாவது படிச்சுக்கிட்டிருந்தா. பஸ் ஸ்டாண்டுல “போயிட்டு வா”ன்னா. வா. அது நல்லா ஞாபகம் இருக்கு. தீபாவளிக்கு நான் போனப்ப கதவைத் திறந்து “வாங்க”ன்னா. பொண்ணு பெரிய மனுஷி ஆயிட்டா, மரியாதை தெரியுதுன்னு அன்னைக்கு எழுதி வச்சிருப்பேன். பழைய டைரி டிரங்குப் பெட்டியில இருக்கு. எடுத்துப் பாக்கல.

ஆகஸ்ட் 6

கோமதியம்மா மறுபடி வந்தாங்க. படி எழுதின காகிதத்தைக் கிழிச்சுப் போட்டோம். ஒரே ஒரு வார்த்தை போதும்னு முடிவு: ‘ஏட்டி’. முதல்ல இந்த ரூம்ல காலி நாற்காலியைப் பாத்துச் சொல்லச் சொன்னேன். கோமதியம்மாவுக்கு உதடு அசைஞ்சுது, சத்தம் வரல. அவ கேட்டுட்டா என்ன செய்யன்னு கேட்டாங்க. கேக்கறதுக்குத்தானே சொல்றோம்னேன். முதல் தடவையே கேட்டுரக் கூடாது டாக்டரம்மான்னாங்க.

நியாயம்தான். கேக்காம எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு பேரும் மோட்டுவளையப் பாத்து உக்காந்திருந்தோம். அப்புறம் அவங்களே சொன்னாங்க. மேல் வீட்டுல தினமும் பதினொண்ணரைக்குக் குக்கர் வைப்பா, மூணு விசில். அந்த விசிலை எண்ணித்தான் இவங்க தன் சோத்தையே வடிக்கிறாங்களாம், பதினோரு வருஷமா. மூணாவது விசில் அடிக்கும்போது படிக்கட்டுக்குக் கீழ நின்னு சொல்லலாம். சத்தம் விசிலுக்குள்ளயே போயிரும்.

இந்த மாதிரி ஒரு படி எந்தப் பாடப் புத்தகத்துலயும் கிடையாது. அசந்து போயிட்டேன்.

ஆகஸ்ட் 10

நாலு நாளா நடக்குது. விசில் அடிக்குது, கீழ இருந்து ‘ஏட்டி’, விசில் அடங்குது. நேத்து கொஞ்சம் பலமாவே சொன்னேன்னாங்க. கன்னம் சிவந்திருந்துச்சு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

ஆகஸ்ட் 11

அட்டை கடிச்சிருச்சு, கணுக்கால்ல. தாரணிக்கு நானே போன் பண்ணினேன். சாப்பிட்டியா, வேலை என்ன ஆச்சுன்னு வழக்கமாக் கேக்கிறதெல்லாம் கேக்கல. அட்டையைப் பத்தி மட்டும் சொன்னேன், எவ்வளவு பெருசு, எப்படி உருண்டு விழுந்துச்சுன்னு. “ஐயய்ய, உப்புப் போட்டியா?”ன்னா.

போட்டியா. அடுத்த வாக்கியத்துல திருத்திக்கிட்டா, தெளிவாத் தெரிஞ்சுது. நான் கவனிச்ச மாதிரியே காட்டிக்கல. போனை வச்சப்புறம் அந்தக் கடிவாயைக் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டிருந்தேன்.

ஆகஸ்ட் 13

வழக்கமா வராத நேரத்துல, குடைகூட இல்லாம ஓடி வந்தாங்க கோமதியம்மா.

ரெண்டு விசில் ஆச்சாம். மூணாவதுக்கு மூச்சை இழுத்துப் பிடிச்சு, வாயைத் திறந்து சொல்லியாச்சு, விசில் வரல! வீடே அமைதியா இருக்கு, ‘ஏட்டி’ மட்டும் தனியா மாடி ஏறிப் போகுது. மேல இருந்து ஒரு குரல்: “என்ன?”

இவங்க என்ன சொன்னாங்கன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுட்டாங்களாம். பதினோரு வருஷம் கழிச்சு “என்ன?”, “ஒண்ணுமில்ல.” எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. அவங்களும் சிரிச்சாங்க, சிரிச்சுக்கிட்டே முந்தானையால கண்ணத் துடைச்சாங்க. அடுப்பு தானா அணைஞ்சிருக்கும் போல, சிலிண்டர் தீந்துருச்சோ என்னவோன்னாங்க. போன வாரம்தான் ரோஸ்லின் புது சிலிண்டர் மாட்டிக் குடுத்தாளாம்.

ஆகஸ்ட் 16

உலகம்மாள் மகன் ஓசூர்ல வேலை பாக்கிறான். லீவு பத்தொம்பதாம் தேதியில இருந்துதான், நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துருவான். மலையிறங்கத் துணைக்கு ஆள் இல்ல. இன்னைக்குக் காலையில உலகம்மாள் துணி காயப்போட்டுக்கிட்டே, கொடியைப் பாத்துச் சொல்லியிருக்கா: “பதினெட்டாந்தேதி ஏழு மணிக்குக் கார் வருது. பின்னாடி இடம் இருக்கு.” கொடிக்கு அந்தப் பக்கம் கோமதியம்மா. வாரேன்னு அவங்களும் கொடிகிட்டயே சொன்னாங்களாம்.

அந்த ஒரு விஷயம், பந்தியில சொன்னது, அதைப் பேசப் போறீங்களான்னு கேட்டேன். தலையாட்டினாங்க. காதுக்குக் கேக்கும்போது சொல்லிரணும், எழுதிக் காட்டற விஷயம் இல்லன்னாங்க. அடுத்து என்ன படின்னு என்னை ஒண்ணும் கேக்கல. என்கிட்டயும் ஒண்ணும் இல்ல.

ஆகஸ்ட் 18

ஏழு மணிக்கு ஜன்னல்ல நின்னேன். ஒரு காரோட சிவப்பு விளக்கு மேகத்துக்குள்ள போச்சு. அதுதானான்னு தெரியாது.

ஆகஸ்ட் 20

இன்னைக்கு. வந்தவங்க சொன்னது எதுவும் மண்டையில ஏறல.

ஆகஸ்ட் 29

வெயில். இந்த ஊர்ல இப்படி ஒரு வெளிச்சம் உண்டுங்கிறதே மறந்து போச்சு. கோமதியம்மா வந்தாங்க. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, கட்டி போச்சு, காதும் போச்சு. துணிமணி எடுத்துட்டு நாளைக்குத் திரும்பக் கோயமுத்தூர் போறாங்க. அங்க ரெண்டு பேரும் சைகையில சண்டை போட்டுக்கிறாங்களாம், சாப்பாட்டுல உப்பு இருக்கு இல்லன்னு.

கார்ல என்ன ஆச்சுன்னு நான் கேக்கல. அவங்களே சொன்னாங்க.

டிரைவருக்குப் பின்னாடி இவங்க, இடது ஜன்னலோரம் உலகம்மாள். நாப்பது கொண்டை ஊசி வளைவுக்கும் நம்பர் போட்ட பலகை இருக்குமே, மேகத்துல அது மட்டும்தான் தெரிஞ்சுதாம். நாப்பது, முப்பத்தொம்பது, முப்பத்தெட்டு. ஒவ்வொரு பலகையிலயும் அடுத்ததுல சொல்லிருவோம், அடுத்ததுல சொல்லிருவோம்னு வந்திருக்காங்க. இருபது போச்சு. பத்து போச்சு. ஒம்பதாவது வளைவுல மேகம் விலகி, கீழ ஆழியார் அணை மொத்தமாத் தெரிஞ்சிருக்கு. அவளோட வீட்டுக்காரர் அதைத் தாண்டலியேன்னு தோணினதும் தானா வாய் திறந்துக்கிட்டுதாம்.

“ஏட்டி, மழை விடட்டும், நாளைக்குக் கொண்டு போலாம்னு அன்னைக்குச் சொன்னது நாந்தான். நீ வண்டிக்குச் சொல்லி வச்சிருந்த. நாந்தான் வேண்டாம்னேன். நாலு பேரு கேட்டப்போ பயந்துபோய்ப் பழிய உன் தலையில போட்டுட்டேன்.”

உள்ள இருந்தது இதுதான். பதினோரு வருஷமா இந்த உண்மை அந்த ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். உலகம்மாளும் வெளிய ஒருத்தர்கிட்டயும் சொல்லல.

கோமதியம்மா அதோட நிறுத்தல. மிச்சம் இருந்த வளைவு பூரா, திரும்பத் திரும்ப, அழுது, மூக்கைச் சிந்தி, பேசிக்கிட்டே இறங்கியிருக்காங்க. உலகம்மாள் ஜன்னலையே பாத்துக்கிட்டிருந்தா. ஒரு ‘உம்’ இல்ல. அவ்வளவுதான், மன்னிக்க மாட்டா, நியாயம்தானேன்னு இவங்க மனசைத் தேத்திக்கிட்டாங்க. முதல் வளைவையும் தாண்டி, ரோடு நேரானதும், உலகம்மாள் டிரைவரை ஓரமா நிறுத்தச் சொன்னாளாம். இவங்க பக்கம் திரும்பி வலது காதைத் தொட்டுக் காமிச்சிருக்கா.

“ஏக்கா, இது கேக்காத காதுல்லா. நீ என்னத்தையோ சொல்லிக்கிட்டே வந்த. இந்தப் பக்கம் வந்து உக்காந்து மொதல்லேருந்து சொல்லு.”

எந்தக் காது போச்சுங்கிறதுகூட இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கல. இறங்கி, காரைச் சுத்தி வந்து, இடம் மாறி உக்காந்து, முதல்ல இருந்து சொல்லியிருக்காங்க. ரெண்டாந்தரம் சொல்லும்போது பயமே இல்ல டாக்டரம்மா, அழுகையும் வரல, கேக்காத காதுல சொல்லிப் பழகிட்டேன்லான்னாங்க. எல்லாத்தையும் சொல்லி முடிச்சதும் உலகம்மாள் ஒரே ஒரு வார்த்தை சொன்னாளாம். “கேட்டுச்சு.” பொள்ளாச்சி வர்றவரைக்கும் இவங்க கையை விடலையாம்.

கோமதியம்மா போனதுக்கப்புறம் அந்தக் கார் பயணத்தையே திரும்பத் திரும்ப நினைச்சுப் பாத்தேன். ஜன்னல் ஏத்தின கார். ஒரு முழம் தள்ளி உக்காந்து ஒருத்தி குரல் உடைஞ்சு பேசறா. ஒரு காது போனாலும் இன்னொரு காது பதினெட்டாந்தேதி நல்லாத்தானே இருந்துச்சு. மாடியில இருந்துக்கிட்டு, கீழ ஒரு ‘ஏட்டி’ சொன்னதுக்கு “என்ன?”ன்னு கேட்ட காது அது.

உலகம்மாளுக்கு ஒம்பதாவது வளைவுலயே எல்லாம் கேட்டிருக்கும். அந்தக் குரல்ல இன்னொரு தடவை கேக்கணும்னு ஆசைப்பட்டிருக்கா, அவ்வளவுதான். இதைக் கோமதியம்மாகிட்ட நான் சொல்லப் போறதில்ல.